கலவைக் கணக்குல எது மாறலையோ அதைப் பிடிங்க

கோத்தகிரி பக்கம் ஒன்பதாவது, பத்தாவது பசங்களுக்கு சாயங்காலம் டியூஷன் எடுக்கறேன். வயசு கணக்கு, ரயில் கணக்கு, ரெண்டு இலக்க எண்ணைத் திருப்பிப் போடற கணக்கு இதெல்லாம் ஒண்ணு ரெண்டு தடவை போட்டுக் காட்டினா பிடிச்சுக்குவாங்க. "20% அமிலக் கரைசல் 30 லிட்டருடன்"ன்னு ஒரு வரி படிச்சா போதும், பேனாவ கீழ வெச்சிருவாங்க. நல்லா படிக்கிற பசங்களும் அப்படித்தான். இதைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், ஏன்னா இந்த மலையில பொறந்த பசங்களுக்கு இந்தக் கணக்கு கஷ்டமா இருக்கவே கூடாது, அவங்க வீட்டுல அப்பா மருந்து கலக்கறாரு, அம்மா பறிச்ச கொழுந்து ஃபேக்டரிக்குப் போயி தூளா வருது, பனிக்காலத்துல மாமா ஜீப்புக்கு கூலண்ட் (ரேடியேட்டர் தண்ணி உறையாம இருக்க சேக்கற திரவம்) ஊத்தறாரு, இதெல்லாமே கலவைக் கணக்குதான். புக்குல மட்டும் ஏனோ கண்ணால பாக்காத அமிலமா வருது.

முதல்ல எங்க சிக்குதுன்னு சொல்றேன். 20% கரைசல் 30 லிட்டர், 50% கரைசல் 10 லிட்டர், ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா எத்தனை சதவீதம்? பாதிப் பேர் 70ம்பாங்க. மீதிப் பேர் ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து 35ம்பாங்க. சதவீதத்தைக் கூட்டவே கூடாதுங்க, அது ஒரு அளவே கிடையாது, "நூறுல இவ்ளோ"ன்னு சொல்ற பேச்சு அவ்ளோதான். கூட்டறதுக்கு லிட்டர் வேணும், கிலோ வேணும். 30 லிட்டர்ல 20%ன்னா உள்ள 6 லிட்டர் அமிலம். 10 லிட்டர்ல 50%ன்னா 5 லிட்டர். மொத்த அமிலம் 11 லிட்டர், மொத்தக் கரைசல் 40 லிட்டர், 11ஐ 40ஆல வகுத்தா 27.5%. விடை 20க்கும் 50க்கும் நடுவுல வரணும், எது அதிகமா ஊத்தினோமோ அந்தப் பக்கம் சாஞ்சு வரணும், 30 லிட்டர் ஊத்தினது 20% கரைசல்ங்கறதால 35க்குக் கீழ வந்திருக்கு. விடை சரியான்னு பாக்கறதுக்கு இதைவிட சுலபமான வழி இல்ல, ஆனா இதை எந்தப் பையனும் பாக்கறதில்ல, விடைத்தாள்ல 70ன்னு எழுதி கீழ ரெண்டு கோடும் போட்டுருவாங்க.

அதனால நான் போர்டுல எப்பவும் மூணு கட்டம் போட்டுத்தான் ஆரம்பிப்பேன். முதல் கட்டத்துல எவ்ளோ இருக்கு, ரெண்டாவதுல எத்தனை சதவீதம், மூணாவதுல உள்ள சத்து எவ்ளோ. மூணாவது கட்டம் முதல் ரெண்டையும் பெருக்கினா வர்றது. கூட்டறது கழிக்கறது எல்லாம் முதல் கட்டத்துலயும் மூணாவது கட்டத்துலயும்தான், நடுக் கட்டத்துல கை வைக்கக் கூடாது. சத்துன்னு நான் சொல்றது அமிலமா இருக்கலாம், உப்பா இருக்கலாம், பாலுக்குள்ள இருக்கற கொழுப்பா இருக்கலாம்.

அடுத்தது எக்ஸ். "எக்ஸ் என்பது பால் என்க"ன்னு எழுதுவாங்க. பால்னா என்ன, பாலோட லிட்டரா, விலையா, அதுல இருக்கற கொழுப்பா? "எக்ஸ் என்பது ஊத்த வேண்டிய பாலின் லிட்டர்"னு முழுசா எழுத வைப்பேன். அந்த ஒரு வரியை ஒழுங்கா எழுதிட்டா சமன்பாடு பாதி எழுதியாச்சுன்னு அர்த்தம்.

இனிமே தேயிலைக்கு வரேன். எனக்கு இந்தப் பாடத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இது.

பறிச்ச பச்சைக் கொழுந்துல முக்கால் பங்குக்கு மேல தண்ணிதான். கணக்குக்கு 78%ன்னு வெச்சுக்கலாம். ஃபேக்டரியில முதல் வேலை வாட விடறது, ட்ரஃப்னு சொல்ற நீளமான வலைத் தொட்டியில இலையப் பரப்பி கீழேர்ந்து ஃபேன் காத்து விடுவாங்க, வெளிய மூடுபனியா இருந்தா அடுப்புச் சூடு கலந்த காத்து. சிடிசி தூளுக்கு (இலைய மிஷின்ல நசுக்கி, கிழிச்சு, சுருட்டிப் பண்ற டீத்தூள்) சுமாரா 70% ஈரம் வர்ற வரைக்கும் வாட விட்டு அப்புறம் மிஷின்ல போடுவாங்க. இப்ப கேள்வி இதுதான், 100 கிலோ இலை 78%லேர்ந்து 70%க்கு வந்தா எத்தனை கிலோ தண்ணி போயிருக்கும்?

"8 கிலோ மிஸ்." கிளாஸ் மொத்தமும் ஒரே குரல்ல சொல்லும். அப்பா ஃபேக்டரியில ட்ரஃப் வேலை பாக்கற பொண்ணு ஒருத்தி மட்டும், இல்ல மிஸ், வாடினப்புறம் இலை அதுக்கும் மேல கொறையும், அப்பா சொல்லிருக்காங்கன்னா. எவ்ளோ கொறையும்னு அவளுக்குத் தெரியல, ஆனா 8 இல்லன்னு தெரியுது. எனக்கு அது போதும், அங்கேர்ந்து பிடிச்சுக்கிட்டேன்.

தண்ணி போகுது, இலையோட மொத்த எடை மாறுது, சதவீதமும் மாறுது. எது மாறல? தண்ணி இல்லாத காஞ்ச பாகம். 100 கிலோவுல 78 தண்ணின்னா காஞ்சது 22 கிலோ. காத்து எவ்ளோ அடிச்சாலும் அந்த 22 அப்படியே இருக்கும். வாடின இலையில தண்ணி 70%ன்னா காஞ்சது 30%. ஆக ஏதோ ஒரு எடையில 30% எடுத்தா 22 வரணும். போன தண்ணி எக்ஸ் கிலோன்னா 0.30 × (100 − எக்ஸ்) = 22. 22ஐ 0.30ஆல வகுத்தா 73.33. வாடின இலை 73 கிலோ சொச்சம், போன தண்ணி 26 கிலோவுக்கும் மேல, 26.67. வெறும் 8 சதவீதம்னு நெனச்ச எடத்துல கால் பங்குக்கு மேல எடை போயிருச்சு.

அதே இலை கடைசியா ட்ரையர்லேர்ந்து தூளா வெளிய வரும்போது ஈரம் சுமார் 3%தான். அப்ப காஞ்ச பாகம் 97%. 22ஐ 0.97ஆல வகுத்தா 22.68 கிலோ. 100 கிலோ கொழுந்துக்கு 22.68 கிலோ தூள், அதாவது ஒரு கிலோ தூளுக்கு 4.4 கிலோ இலை. "நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள்"னு நம்ம ஊர்ல பெரியவங்க சொல்றாங்களே, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுதா? நார், தூசின்னு சலிக்கும்போது கொஞ்சம் கழியும், அதையும் சேத்தா நாலரைதான். இதை போர்டுல போட்டு முடிச்சப்ப பசங்க மூஞ்சியப் பாத்திருக்கணும் நீங்க, வீட்டுல தெனம் கேட்ட ஒரு பேச்சு எக்ஸ் வழியா வந்து நிக்குது.

இதே வகையில உருளைக்கிழங்கு வெச்சு ஒரு பழைய புதிர் இருக்கு, உலகம் பூரா கேக்கற புதிர், ஊட்டிக் கிழங்கு வெளையற ஊர்ல அதைக் கேக்காம விட்டா எப்படி. 100 கிலோ கிழங்கு, 99% தண்ணி. ராத்திரி வெளிய வெச்சோம், காலையில 98% தண்ணி. இப்ப எடை எவ்ளோ? விடை 50 கிலோ. நம்பவே மாட்டாங்க. காஞ்ச பாகம் 1 கிலோ, அது மாறல. முன்னாடி அது நூறுல ஒண்ணு, இப்ப நூறுல ரெண்டு, அதாவது அம்பதுல ஒண்ணு. அவ்ளோதான். நெஜக் கிழங்குல தண்ணி 80% பக்கம்தான் இருக்கும், அதை வெச்சே போட்டுப் பாருங்க, 80லேர்ந்து 75க்கு வந்தா 100 கிலோ 80 கிலோ ஆயிரும். 20ஐ 0.25ஆல வகுக்கணும். 5 சதவீதம் கொறஞ்சா 20 கிலோ போகுது.

இந்தக் கணக்கு தெரியாததால காசு போற எடமும் இருக்கு. மழை நாள்ல பறிச்ச இலை மேல தண்ணி ஒட்டியிருக்கும், ஃபேக்டரியில எடை போடும்போது ஈரத்துக்குன்னு இவ்ளோ சதவீதம் கழிப்பாங்க. கழிக்கறது நியாயம்தான், தண்ணிக்கு யாரு காசு குடுப்பா. ஆனா எவ்ளோ கழிக்கறது? எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு எடத்துல மழைன்னாலே கண்ணால பாத்துட்டு ஒரே அடியா 10% கழிச்சிருவாங்க, தூறலா கொட்டற மழையான்னு பாக்கறதில்ல. கணக்கு போட்டுப் பாப்போம். மழையில்லாத நாள்ல இலை 78% ஈரம். ஒட்டின தண்ணியோட சேத்து 80%ன்னு வெச்சா, 50 கிலோ மூட்டையில காஞ்ச பாகம் 10 கிலோ, அது 22%ஆ இருக்கணும்னா நெஜமான இலை 45.45 கிலோ. அப்ப கழிக்க வேண்டியது 4.55 கிலோ, 9% பக்கம், 10% கழிச்சா பெரிய தப்பு இல்ல. அதுவே 79%தான்னு வெச்சா காஞ்சது 10.5, நெஜ இலை 47.73, கழிக்க வேண்டியது 2.27 கிலோ மட்டும், நாலரை சதவீதம். ஈரம் ஒரே ஒரு சதவீதம் மாறினா கழிவு ரெண்டு மடங்கு மாறுது. அதனால இதைக் கண்ணால பாத்து முடிவு பண்ணவே முடியாது, கொஞ்சம் இலைய எடுத்து எடை போட்டு, காய வெச்சு, திரும்ப எடை போட்டுத்தான் சொல்லணும். ஒன்பதாவது படிக்கிற பையன் இதை அப்பாவுக்கு ஒரு பேப்பர்ல போட்டுக் காட்ட முடியும்னா அதுக்காகவே இந்தப் பாடத்தை ஒழுங்கா நடத்தணும்னு எனக்குத் தோணும்.

தங்கத்துலயும் இதே கதைதான். 12ம் நூற்றாண்டுலயே கணித மேதை பாஸ்கராச்சாரியார் தங்கத்தோட மாத்துக் கணக்கை (மாத்துன்னா தங்கம் எவ்ளோ சுத்தம்ங்கற அளவு) எழுதி வெச்சிருக்காரு. ஒவ்வொரு துண்டோட எடையையும் மாத்தையும் பெருக்கி எல்லாத்தையும் கூட்டி மொத்த எடையால வகுத்தா உருக்கின தங்கத்தோட மாத்து வரும். உருக்கி சுத்தம் பண்ணும்போது அழுக்கு போயி எடை கொறஞ்சா, கொறஞ்ச எடையால வகுக்கணும். நம்ம கொழுந்து கணக்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அங்க தண்ணி போச்சு, இங்க அழுக்கு போச்சு, தங்கம் அப்படியே நிக்குது.

தண்ணி போற கணக்கு முடிஞ்சுது, இனி தண்ணி சேக்கற கணக்கு. கீழ காப்பித் தோட்டம் வெச்சிருக்கறவங்களுக்கு போர்டோ கலவை நல்லாத் தெரியும். 1885 வாக்குல பிரான்ஸ்ல மில்லார்டேங்கற விஞ்ஞானி திராட்சைக் கொடிக்காகக் கொண்டு வந்தது, இன்னிக்கும் காப்பியில இலைத்துரு நோய்க்கு, மிளகுல வாடல் நோய்க்கு அடிக்கறோம். 1% கலவைன்னா 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணி. மயில்துத்தத்தை 50 லிட்டர்ல தனியா கரைக்கணும், சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டர்ல தனியா கரைக்கணும், அப்புறம்தான் ரெண்டையும் கலக்கணும். தனித்தனியா இருக்கும்போது ஒவ்வொண்ணும் 2%. கலந்ததும் ரெண்டும் 1% ஆயிருது, ஏன்னா மயில்துத்தத்தைப் பொறுத்தவரைக்கும் சுண்ணாம்புத் தண்ணி வெறும் தண்ணிதான், 0% கரைசல். இந்த "0% கரைசல்"ங்கறதை பசங்க மனசுல பதிய வெச்சுட்டா நெறைய கணக்கு தானா வந்துரும், சுத்தத் தண்ணின்னா 0%, சுத்த அமிலம்னா 100%, ரெண்டையும் கட்டத்துல எழுதிறலாம். (கலவை சரியா வந்துச்சான்னு பாக்க பளபளன்னு தேச்ச இரும்புக் கத்திய முக்குவாங்க, கத்தியில செம்பு நிறம் படிஞ்சா சுண்ணாம்பு பத்தலன்னு அர்த்தம். இரும்பு பக்கெட்ல மட்டும் கரைக்காதீங்க, பிளாஸ்டிக் டிரம்தான்.)

காப்பிக்கு பொதுவா 0.5% போதும். சரி, 2% மயில்துத்தக் கரைசல் 50 லிட்டர் இருக்கு, 0.5% ஆக்கணும், எத்தனை லிட்டர் சேக்கணும்? 2ல 0.5 நாலு தடவை போகுது, அதனால நாலு மடங்கு, 200 லிட்டர் ஊத்தணும்னு சொல்லிருவாங்க. நாலு மடங்கு ஆக வேண்டியது மொத்தம். மயில்துத்தம் 1 கிலோ, அது மாறல, 0.005 × (50 + எக்ஸ்) = 1, மொத்தம் 200, ஏற்கனவே 50 இருக்கு, ஊத்த வேண்டியது 150 லிட்டர், சுண்ணாம்புத் தண்ணியையும் சேத்துத்தான். கேள்வி சேக்கறதைக் கேக்குதா மொத்தத்தைக் கேக்குதான்னு ஒரு தடவை திரும்பப் படிச்சாலே பாதி மார்க் தப்பிக்கும்.

அடுத்தது எல்லாரையும் திணற வைக்கிற வகை, கொஞ்சம் வெளிய எடுத்துட்டு வேற ஒண்ணை ஊத்தறது. டிசம்பர், ஜனவரியில ஊட்டி, தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் உறைபனி வரும், புல்லெல்லாம் வெள்ளையா இருக்கும், வண்டி வெச்சிருக்கறவங்க ரேடியேட்டர்ல கூலண்ட் பாதி தண்ணி பாதின்னு பாத்துக்குவாங்க. ஒரு ஜீப் ரேடியேட்டர்ல 6 லிட்டர் இருக்கு, அதுல கூலண்ட் 30%தான். 50% ஆக்கணும். எவ்ளோ தொறந்து விட்டுட்டு அவ்ளோ சுத்தக் கூலண்ட் ஊத்தணும்?

புக்கு வழியில போட்டா, கூலண்ட் இப்ப 1.8 லிட்டர், வேண்டியது 3 லிட்டர். எக்ஸ் லிட்டர் தொறந்து விட்டா அதோட 0.3 எக்ஸ் கூலண்ட் போகும், அப்புறம் எக்ஸ் கூலண்ட் உள்ள வரும். 1.8 − 0.3 எக்ஸ் + எக்ஸ் = 3. அதாவது 0.7 எக்ஸ் = 1.2, எக்ஸ் = 1.71 லிட்டர். சரிதான். ஆனா அந்த 0.3 எக்ஸை மறந்துட்டு 1.8 + எக்ஸ் = 3ன்னு எழுதி 1.2 லிட்டர்ங்கற பசங்கதான் அதிகம், தொறந்து விடும்போது தண்ணி மட்டும் போகுதுன்னு மனசு நெனச்சுக்குது.

நான் இதை வேற மாதிரி சொல்லிக் குடுப்பேன். கூலண்டை விட்ருங்க, அது வெளியவும் போகுது உள்ளயும் வருது, அது பின்னாடி ஓடாதீங்க. தண்ணியப் பாருங்க. தண்ணி வெளிய போகுது, உள்ள வர்றதே இல்ல. தண்ணி 70% இருந்துச்சு, 50% ஆகணும். அப்ப இருந்த தண்ணியில 7ல 5 பங்கு மிச்சம் இருக்கணும், 7ல 2 பங்கு போகணும். எந்தப் பங்கு தண்ணி போகுதோ அதே பங்கு மொத்தமும் போகுது, எல்லாம் கலந்துதானே இருக்கு. 6 லிட்டர்ல 7ல 2 பங்கு, 12ஐ 7ஆல வகுத்தா 1.71 லிட்டர். எக்ஸே வேணாம், வாயாலயே வந்துருச்சு. கணக்குல எந்தப் பொருள் புதுசா சேரலையோ அதைப் பிடிக்கணும், இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதிட்டிருக்கேன். கொழுந்துல அது காஞ்ச பாகம், போர்டோவுல மயில்துத்தம், ரேடியேட்டர்ல தண்ணி. கேள்வி கூலண்டைப் பத்திக் கேட்டாலும் விடை தண்ணி வழியா வருது. புக்குல எப்பவும் கேட்ட பொருளையே எக்ஸா வெக்கச் சொல்லிக் குடுக்கறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

பேங்க் எக்ஸாம், டிஎன்பிஎஸ்சின்னு படிக்கிறவங்களுக்கு வர்ற பால் கணக்கும் இதே குடும்பம்தான். 40 லிட்டர் பால், 4 லிட்டர் எடுத்துட்டு 4 லிட்டர் தண்ணி ஊத்தறான், இப்படியே மூணு தடவை, கடைசியில பால் எவ்ளோ? மூணு தடவை நாலு 12, மிச்சம் 28ன்னு சொல்லக் கூடாது, ஏன்னா ரெண்டாவது தடவை மொள்ளும்போது வர்ற 4 லிட்டர்ல தண்ணியும் இருக்கு. இங்க புதுசா சேராதது பால். ஒவ்வொரு தடவையும் இருக்கற பால்ல பத்துல ஒரு பங்கு போகுது, பத்துல ஒம்பது பங்கு நிக்குது. 36, அப்புறம் 32.4, அப்புறம் 29.16. ஃபார்முலா மனப்பாடம் பண்ணவே வேணாம், 0.9ஆல மூணு தடவை பெருக்கினாப் போதும்.

ஒண்ணுமே நிலையா நிக்காத கணக்கும் உண்டு, ரெண்டு பக்கமும் சத்து இருக்கறது, ரெண்டையும் கலந்து நடுவுல ஒண்ணு வேணும்ங்கறது. அங்கதான் எக்ஸும் ஒய்யும் நெஜமா தேவை. ஆவின் நீல பாக்கெட்ல கொழுப்பு 3%, ஆரஞ்சு பாக்கெட்ல 6%. வீட்டு விசேஷத்துக்கு 30 லிட்டர் பால் வேணும், 4% கொழுப்போட. நீலம் எக்ஸ் லிட்டர், ஆரஞ்சு ஒய் லிட்டர். எக்ஸ் + ஒய் = 30, இது மொத்தத்துக்கு. 0.03 எக்ஸ் + 0.06 ஒய் = 1.2, இது கொழுப்புக்கு, 30ல 4% 1.2 தானே. ரெண்டாவதை 100ஆல பெருக்கி 3ஆல வகுத்தா எக்ஸ் + 2 ஒய் = 40. முதலாவதைக் கழிச்சா ஒய் = 10. ஆரஞ்சு 10, நீலம் 20. தசமப்புள்ளிய முதல்லயே தொலைச்சுருங்க, பசங்க தப்பு பண்றதுல பாதி அந்தப் புள்ளியாலதான்.

இதையே கோச்சிங் சென்டர்ல குறுக்கு வழியாப் போடுவாங்க, எக்ஸ் மாதிரி குறுக்குக் கோடு போட்டு கழிச்சு எழுதறது, அதை பால் பண்ணைகள்ல பியர்சன் சதுரம்னு சொல்றாங்க. ஏன் குறுக்கால எழுதணும்னு மட்டும் யாரும் சொல்லித் தர்றதில்ல, அதான் எனக்கு வருத்தம். சொல்றது ரொம்ப சுலபம், கடன் வரவு மாதிரி. 4% வேணும்னா நீலப் பால் லிட்டருக்கு 1 குறையுது, ஆரஞ்சுப் பால் லிட்டருக்கு 2 மிச்சம் இருக்கு. ஒரு லிட்டர் ஆரஞ்சோட மிச்சம் ரெண்டு லிட்டர் நீலத்தோட குறையை அடைக்கும். ஆக நீலம் 2, ஆரஞ்சு 1. 30 லிட்டர்ல 20ம் 10ம். இதைப் புரிஞ்சுக்கிட்டா கோடு போட வேண்டிய அவசியமே இல்ல. 24 கேரட்டையும் 18 கேரட்டையும் உருக்கி 22 கேரட் பண்ணணும்னா? ஒண்ணு 2 மிச்சம், இன்னொண்ணு 4 குறை, அப்ப ரெண்டு பங்கு 24க்கு ஒரு பங்கு 18.

ஒரு பையன் கேட்டான், மிஸ், பச்சை பாக்கெட் 4.5% தானே, நீலமும் ஆரஞ்சும் பாதிப் பாதி ஊத்தினா பச்சை வந்துருமான்னு. நல்ல கேள்வி. கொழுப்பு சரியா 4.5 வந்துரும். ஆனா பாக்கெட்ல இன்னொரு நம்பரும் இருக்கு, கொழுப்பு இல்லாத மத்த திடப்பொருள், நீலத்துல 8.5%, ஆரஞ்சுல 9%, பாதிப் பாதி கலந்தா 8.75 வரும், பச்சையில போட்டிருக்கறது 8.5. ஒரு சத்து சேந்துருச்சுன்னா இன்னொண்ணும் சேரும்னு இல்ல, ஒவ்வொரு சத்துக்கும் தனித் தனி சமன்பாடு எழுதிப் பாக்கணும்.

லிட்டர்ல கூட்டும்போது ஒண்ணு மனசுல வெச்சுக்கங்க. கிலோவும் கிலோவும் எப்பவும் கூடும். லிட்டரும் லிட்டரும் எல்லா நேரமும் அப்படிக் கூடி வராது. 50 மில்லி ஆல்கஹாலும் 50 மில்லி தண்ணியும் கலந்தா 100 மில்லி வராது, 96, 97 மில்லிதான் வரும், ஒண்ணோட துகள்களுக்கு நடுவுல இன்னொண்ணு நெருக்கமா போயி உக்காந்துக்குது. கணக்குப் பரீட்சையில கூடும்னு எடுத்துக்கிட்டுத்தான் போடணும், சயின்ஸ் லேப்ல அப்படி எழுதக் கூடாது. பத்தாவது அறிவியல்ல கரைசல்கள் பாடத்துல நிறை சதவீதம், கனஅளவு சதவீதம்னு பிரிச்சு வெச்சிருக்கறது இதுக்காகத்தான். நிறை சதவீதம்னா கீழ வகுக்கறது கரைசலோட எடை, தண்ணியோட எடை கிடையாது. 20 கிராம் உப்பை 80 கிராம் தண்ணியில போட்டா 20%. 100 கிராம் தண்ணியில போட்டா 16.67%தான்.

விடை மைனஸ்ல வந்தா பசங்க பயந்துருவாங்க, அழிச்சிட்டு திரும்ப ஆரம்பிப்பாங்க. அவசரப்படாதீங்க. 3% பாலையும் 6% பாலையும் கலந்து 30 லிட்டர் 7% பால் வேணும்னு கேட்டா எக்ஸ் + 2 ஒய் = 70ன்னு வரும், ஒய் 40, எக்ஸ் மைனஸ் 10. கலந்து வராதுன்னு முதல்லயே தெரியும், 3க்கும் 6க்கும் நடுவுலதான் எதுவும் வரும். ஆனா அந்த மைனஸ் 10 வெறும் தப்பு கிடையாது, அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு, 6% பால் 40 லிட்டர் எடுத்து அதுலேர்ந்து 3% பால் 10 லிட்டரைப் பிரிச்சு வெளிய எடுத்தா மிச்சம் 30 லிட்டர் 7% ஆகும்னு அது சொல்லுது. பால் பண்ணையில க்ரீம் பிரிக்கிற மிஷின் பண்றது இந்த மாதிரி வேலைதான்.

வீட்டுல போட்டுப் பாக்க ஒரு கணக்கு குடுக்கறேன், பசங்களுக்கும் இதையேதான் குடுத்தேன். 76% ஈரத்தோட 300 கிலோ கொழுந்து, 81% ஈரத்தோட 200 கிலோ மழைக் கொழுந்து, ரெண்டையும் ஒரே தொட்டியில போட்டு 70% வரைக்கும் வாட விடறோம், கடைசி எடை என்ன? ரெண்டு இலையோட காஞ்ச பாகத்தையும் தனித்தனியா எடுத்துக் கூட்டுங்க, 72ம் 38ம் 110 கிலோ, அதை 0.30ஆல வகுங்க. 366.67 கிலோ வரணும், போன தண்ணி 133.33 கிலோ.